குலசாமி கறி

செவ்வாய், இரவு

இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து வீடு வந்து ஒரு வாரம் ஆகிறது. எடையைக் குறைக்கத்தான் செய்துகொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. குடலிறக்கம் என்றே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு வடித்த கஞ்சித்தண்ணீர் மட்டும்தான், அதுவும் கரண்டி கரண்டியாக.

மத்தியானம் பந்தல்குடியிலிருந்து சித்தப்பா மகன் முருகேசன் வந்தான். நிலத் தகராறுக்குப் பிறகு பல வருடமாகப் பேச்சில்லை. குலசாமிக்குக் கிடா வெட்டி, என் பங்கைச் சமைத்துத் தூக்குவாளியில் கொண்டு வந்திருந்தான். சாப்பிட்டால் பகை தீர்ந்தது என்று அர்த்தம்.

"ஒரு வாய் தின்னுங்கண்ணே, பாத்துட்டுப் போறேன்."

"டாக்டரு கூடாதுன்னுட்டாருப்பா."

"எங்க அய்யாவுக்கும் இதே ஆபரேஷன்தான். மூணாம் நாளே கோழிக்கறி தின்னாக. எங்க வீட்டுக் கறிதான் ஒங்களுக்கு எறங்காதாக்கும்."

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பொழுது சாய்ந்ததும் சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். அவன் மனைவி எடுத்தாள். "அவுக தூங்கிட்டாக மாமா" என்றாள். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் முருகேசனின் குரல் பின்னால் கேட்டது.