முட்டை பிடிக்காதவர்கள்

மார்ச் 3

செல்ல வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் உன் சின்னது அதைப் பிடுங்கி எனக்கு முத்தம் கொடுத்தே பேட்டரியைத் தீர்த்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இந்த எழுத்தை உன்னால் படிக்க முடியாவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டுவிட்டுத் தாய்மார்களுக்குச் சாப்பாட்டு வகுப்பு எடுக்கப் போகிறேன் என்றதும், "அக்கா, உனக்கே வெந்நீர் தவிர ஒண்ணும் வைக்கத் தெரியாதே"ன்னு சிரித்தாயே, அந்த வகுப்பு தொடங்கிவிட்டது. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. ஐந்து வயதுக்குள் பிள்ளை வைத்திருப்பவர்கள் பதினொரு பேர். இரண்டு அடுப்பு, ஒரு எடை மெஷின், மூலையில் பாய் விரித்து விளையாட்டுச் சாமான்.

முதல் நாளே எல்லாருக்கும் விரலில் குத்தி ரத்தம் பார்த்தேன். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதைத் தாண்டியவர்கள் இரண்டே பேர். பிள்ளைகளோ கொழுகொழுவென்று இருக்கிறார்கள். ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, தினமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.

நீயும் என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பெரியவனுக்கும் சின்னதுக்கும் பெரியம்மாவின் முத்தங்கள், தீரத் தீர.

உன் அக்கா

*

மார்ச் 12

பெருமதிப்பிற்குரிய ஹெட்மிஸ்ட்ரஸ் அக்காவுக்கு,

வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டேன். நேற்றைய கணக்கு இது: காலையில் முட்டை, ரொட்டி. பதினொரு மணிக்கு ஒரு ஆப்பிள். மத்தியானம் சோறு, பருப்பு, கீரை, ஒரு துண்டு மீன். சாயங்காலம் பால். ராத்திரி காய்கறி சூப். மார்க் போடு.

இதை எழுதும்போது சின்னது என் காலைக் கட்டிக்கொண்டு தொங்குகிறது. பெரியவன் சோபாவுக்கு அடியில் பஸ் ஓட்டுகிறான், நான்தான் ஸ்டாப். உன் மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் இந்த மாதம் முழுக்க இரவு வேலை, பகலில் தூக்கம். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் கேனோடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. முப்பத்தொரு வயதில் கிழவியாகிவிட்டேன், சிரிக்காதே.

வெந்நீர் வைக்கும்போது பார்த்து வை. அடிபிடித்துவிடப் போகிறது.

உன் வாலு

*

ஏப்ரல் 22

என் செல்லத்துக்கு,

மனசு சரியில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும், உன்னைவிட்டால் எனக்கு யார்?

ஆறு வாரம் நோட்டுகளைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் முட்டை, கீரை, பழம். போன வாரம் மறுபடியும் ரத்தம் பார்த்தால் ஒருத்திக்கும் ஏறவில்லை. மூன்று பேருக்கு இறங்கியிருக்கிறது. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று அதைத் திட்டினேன்.

இன்று வகுப்புக்கு வரும் தையல்காரி ஒருத்தி அடுப்புக்கு முன்னால் அப்படியே சரிந்துவிட்டாள். நல்லவேளை, கொதிக்கிற பாத்திரம் அவள் மேல் விழவில்லை. தண்ணீர் தெளித்து உட்காரவைத்தோம். அவள் நோட்டைப் புரட்டினேன். அன்று காலையில் இரண்டு முட்டை என்று எழுதியிருந்தது. "முட்டை சாப்பிட்டுமா மயக்கம் வந்துச்சு?"ன்னு கேட்டேன். பாயில் உட்கார்ந்திருந்த அவள் மகள், நாலு வயது, தலையைத் தூக்கிச் சொன்னாள்: "அம்மா முட்டை சாப்பிடாது. அம்மாவுக்கு முட்டை பிடிக்காது."

தையல்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "எனக்கு முட்டைன்னா உயிர், சிஸ்டர். பிடிக்காதுன்னு சொல்லிட்டா பிள்ளைங்க நிம்மதியா சாப்பிடும்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி அதுவே பழகிப்போச்சு."

பிறகு ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்தார்கள். ஒருத்திக்குப் பழம் பிடிக்காதாம், இன்னொருத்திக்குப் பால் ஒத்துக்கொள்ளாதாம். பதினொரு நோட்டிலும் இருந்தது வீட்டில் பரிமாறியது. அவர்கள் சாப்பிட்டது பிள்ளைகள் தட்டில் மிஞ்சியது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். தையல்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க தங்கச்சி லெட்டரை வாசிச்சுக் காட்டினீங்களே சிஸ்டர். ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு அவங்க அவ்வளவு ஒழுங்கா சாப்பிடறாங்க. நாங்க மட்டும் மிச்சம் மீதி தின்னோம்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எழுதுறது?" இனி வகுப்புக்கு வரமாட்டேன் என்று மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆமாம், உன் கடிதத்தை வாசித்தேன். பெருமை தாங்கவில்லை. இப்போது ஒரு உதவி செய். நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று அவர்களுக்கு விவரமாக எழுது. இல்லாவிட்டால் ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளைகளோடு வந்து போ. நீ சொன்னால் தையல்காரி கேட்பாள்.

உன் அக்கா

*

ஏப்ரல் 28

அக்கா,

யாரைக் கேட்டு வாசித்தாய்?

நீ கேட்டதை எழுதினேன், உனக்கு மட்டும். அந்த முட்டையைத் தின்றது பெரியவன். ஆப்பிளை ஆளுக்குப் பாதியாக இரண்டு பேரும் தின்றார்கள். மீன் உன் மாப்பிள்ளைக்கு. நான் சாப்பிட்டது சின்னது துப்பிய ரொட்டி ஓரம், பாத்திரம் தேய்க்கும் இடத்தில் நின்றபடியே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அதை நீ எடுத்துப் பதினொரு பேருக்குப் பரிமாறியிருக்கிறாய்.

உன் மாப்பிள்ளை என்னைப் பட்டினி போடவில்லை. தட்டில் வைத்தால் சாப்பிடாதே என்று சொல்கிற ஆள் இந்த வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் கை என் தட்டுக்கு வரமாட்டேன் என்கிறது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதம் டாக்டரிடம் போனேன். ஏழரை இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? சின்னது பிறந்தபோது வந்தவள், பார்க்கிறவர்களிடம் எல்லாம் "என் தங்கச்சி மாதிரி சமாளிக்க யாராலும் முடியாது"ன்னு சொல்லிவிட்டுப் போனாய். ஏணியில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாய். கீழே இறங்கினால் நீ பார்த்துவிடுவாயே என்று அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

வாலு

*

மே 14

கண்ணு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் மன்னித்துவிடு.

மூச்சு வாங்குகிறது என்று மார்ச்சிலேயே எழுதியிருந்தாய். பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள், அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். உன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ள எனக்கு ஆசை. அதற்கு நீ நன்றாக இருக்க வேண்டியிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

வகுப்பில் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வாசித்தது தப்பு என்று மட்டும் சொன்னேன். நோட்டுகளை வாங்கிப் பரணில் போட்டுவிட்டேன். இப்போது பதினொன்றரைக்குப் பிள்ளைகளைக் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் வெளியே மைதானத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். உள்ளே தாய்மார்கள் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் பாடம். முதல் வாரம் பாதிச் சோற்றைப் பிள்ளைகளுக்கென்று டப்பாவில் எடுத்துவைத்தார்கள். டப்பாக்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டேன். தையல்காரி மட்டும் வரவில்லை. இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன், கதவைத் திறக்கவில்லை.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் போடு. நீ சமாளிக்காவிட்டாலும் எனக்கு நீதான் தங்கச்சி.

அக்கா

*

ஜூன் 9

அக்காவுக்கு,

கோபம் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்தை நேரில் வரும்போது தீர்த்துக்கொள்கிறேன். மாத்திரை போடுகிறேன். ஒன்பதே கால் ஆகியிருக்கிறது. ஒருநாள் ராத்திரி உன் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "நீ சாப்பிட்டியான்னு நான் தினம் கேட்டேனே, ஆச்சுன்னுதானே சொன்னே?"ன்னு பரிதாபமாகக் கேட்டார். இப்போது கேட்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்.

இந்தக் கடிதத்தைத் தையல்காரியின் வீட்டுக்கு எடுத்துப் போ. கதவைத் திறக்காவிட்டால் அடியில் தள்ளு. ஒழுங்காகச் சாப்பிடுகிற தங்கச்சி எழுதியது என்று சொல், அவள் சிரிக்கட்டும். இனி வருவது அவளுக்கு.

சகோதரி, உங்களைப் பொய் எழுத வைத்தது என் பொய். வீட்டில் பரிமாறியதைத்தான் நானும் எழுதினேன். நேற்று மத்தியானம் முதல் தடவையாக என் தட்டில் முதலில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். பெரியவன் தன் மீனை முடித்துவிட்டு என் துண்டைக் காட்டி, "அம்மா, அது எனக்கு?"ன்னு கேட்டான். கை தானாக அதை எடுத்துவிட்டது. பாதி வழியில் நிறுத்தி, "இது அம்மாவுக்குடா. அம்மாவுக்கு மீன் ரொம்பப் பிடிக்கும்"னு சொன்னேன். அழுவான், கத்துவான் என்று காத்திருந்தேன். அவன், "அப்படியா?" என்றான். இறங்கிப் போய் பஸ் ஓட்ட ஆரம்பித்துவிட்டான்.

அவ்வளவுதான் சகோதரி. நாலு வருஷமாக நான் பயந்தது அந்த ஒரு "அப்படியா"வுக்குத்தான். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஓய்ந்த பிறகு அந்த மீனை முழுவதும் சாப்பிட்டேன்.

வாலு