திரைக்குக் கீழே போன பொத்தான்

கார்டன் ரீச், கொல்கத்தா
16 நவம்பர் 2006

அன்புள்ள அகிலாவுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். புனேயில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், போன வாரம் போனில் குரல் நன்றாகவே இருந்தது. சுகம் விசாரித்தாயிற்று, இனி கோபம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி உன் மேஜைமேலேயே கிடக்கும், அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

பூஜை லீவுக்கு வந்தபோது உன் பழைய லேப்டாப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. பவானிபூர் பள்ளி லைப்ரரியைக் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். உன்னைப் பன்னிரண்டு வருஷம் மிரட்டிய அதே பொர்தி, அந்தத் தலைமையாசிரியை அம்மாள்தான், அம்மாவிடம் ஒரு சி.டி.யைக் கொடுத்து, நீலாவதி, புத்தகங்களை நீயே ஏற்று, நவம்பர் இருபத்தேழுக்குள் பாதியாவது முடித்துக் காட்டு, முடியாவிட்டால் சொல்லிவிடு, கம்ப்யூட்டர் படித்த பெண் ஒருத்தியைப் போட்டுக்கொள்கிறேன், உன்னை வாசல் பக்கம் ரிசப்ஷன் மேஜைக்கு மாற்றுகிறேன் என்றிருக்கிறார். பத்தொன்பது வருஷம் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள், இனிமேல் வருகிறவர்களிடம் "கீ சாய்", என்ன வேண்டும், என்று கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார வேண்டும். பணயம் இதுதான். இது உனக்குத் தெரியும், தெரிந்தும்தான் அப்படிப் பேசினாய், அதற்குத்தான் வருகிறேன்.

அம்மா தினமும் பள்ளிவிட்டு வந்ததும் முகம் கழுவி, காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். துணிப்பையில் லைப்ரரிக்கு வந்த புத்தகங்களை வரிசையாகப் பதிந்த அந்தத் தடித்த அக்செஷன் ரெஜிஸ்டர், பக்கத்தில் ஒரு அடிக்குச்சி. அடிக்குச்சியை வரிக்குக் கீழே வைத்து, புத்தகத்தின் பெயர், எழுதியவர், வந்த தேதி என்று ஒற்றை விரலால் தட்டுவாள். பதினோரு நாள். அறுநூற்று நாற்பது புத்தகம். அந்த புரோகிராமின் ஜன்னல் திரைக்குள் அடங்கவில்லை, கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டு நிற்கிறது என்று முதல் நாளே உன்னிடம் சொன்னாள். நீ என்ன சொன்னாய், "மேக்ஸிமைஸ் பண்ணும்மா, மேல மூலையில நடுவுல இருக்கிற கட்டம்". பண்ணினாள். ஜன்னல் ஒரு குதி குதித்து மறுபடி கீழே போய் டாஸ்க்பாருக்கு அடியில் ஒளிந்துகொண்டது. இரண்டாம் தடவை சொன்னாள், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றாய். சி.டி. கொடுத்த கம்பெனிப் பையனைக் கேட்டால் அவனும் "மாஷிமா, மேக்ஸிமைஸ் கொருன் நா", மேக்ஸிமைஸ் பண்ணுங்களேன் மாமி, என்கிறான். உலகத்தில் எல்லோருக்கும் ஒரே மந்திரம்தான் தெரியும்போலிருக்கிறது. சரி, தெரிகிற வரைக்கும் போதும் என்று அவளும் வேலையைத் தொடங்கிவிட்டாள். அந்தத் தெரியாத கீழ் வரிசையில்தான் சேமிக்கிற பொத்தான் இருந்தது. அப்படி ஒன்றை அழுத்த வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பத்தொன்பது வருஷம் ரெஜிஸ்டரில் எழுதியவள், எழுதினால் எழுதியதுதான். எழுதி முடித்த பிறகு "இதை எழுதினதாக வைத்துக்கொள்ளட்டுமா" என்று எந்த ரெஜிஸ்டரும் கேட்டதில்லை. ஐம்பது அறுபது புத்தகம் தட்டி முடித்ததும் மேலே இருக்கிற பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டு, லேப்டாப்புக்கு மேல் துண்டைப் போர்த்திவிட்டு எழுந்து போயிருக்கிறாள். ஒவ்வொரு நாளும். மறுநாள் திறந்தால் வெற்றுக் கட்டங்கள் வரும், அது ரெஜிஸ்டரில் புதுப் பக்கம் மாதிரி என்று நினைத்திருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் பொர்தியிடம் திறந்து காட்டியிருக்கிறாள். பக்கத்தில் இரண்டு டீச்சர்கள். பட்டியல் காலி. ஒரு புத்தகம் இல்லை. பொர்தி ஒன்றும் திட்டவில்லையாம், "தாக், நீலா, தாக்" என்று மட்டும் சொன்னாராம். இருக்கட்டும், விடு என்று. திட்டியிருந்தால் தேவலை என்று வந்து சொன்னாள். அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் போட்டாள், நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அம்மா, உனக்கு இதெல்லாம் வராதும்மா, விட்டுடு. யாராவது சின்னப் பொண்ணுகிட்டக் குடுத்துடச் சொல்லு, நீ ஏன் டென்ஷன் ஆறே." இது உன் வார்த்தை, ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை. அன்பாகத்தான் சொன்னாய் என்று சொல்லாதே. அன்பாகச் சொன்னதால்தான் அவள் நம்பிவிட்டாள்.

என்னையும் சொல்லிவிடுகிறேன், நீயாகக் கேட்க மாட்டாய். போனை வைத்ததும் நான் கத்தினேன். "பத்தொன்பது வருஷம் புஸ்தகத்துக்கு நடுவுல உட்கார்ந்து என்ன பிரயோஜனம், ஒரு பொத்தானைத் தேடத் தெரியலை" என்றேன். பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்கும் அப்போது தெரியாது. சனி ஞாயிறு இரண்டு நாளும் அந்த ஜன்னலோடு மல்லுக்கட்டினேன், ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், புரோகிராமை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், டாஸ்க்பாரை மேலே மாற்றிப் பார்த்தேன். இழுத்தால் வருகிறது, விட்டால் போகிறது. நேற்று புதன்கிழமைதான் புத்தி வந்து சி.டி. உறையைப் படித்தேன். திரை குறைந்தது 1024-க்கு 768 புள்ளிகள் இருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். ரயில்வே டிப்போவில் ஜூனியர் பையன்களை, டிராயிங்கைப் பார்க்காமல் எவனாவது ஸ்பேனரைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று மிரட்டுகிறவன் நான். டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தால் 800-க்கு 600. 1024-க்குத் தள்ளிவிட்டேன், எழுத்துகள் சிறுத்தன, ஜன்னல் தானாக உட்கார்ந்தது, கீழே பொத்தான் ஜம்மென்று நிற்கிறது. மூன்று நிமிஷ வேலை.

அந்தத் திரையைச் சின்னதாக்கியது யார்? நீதான். தசமியன்று மத்தியானம், அம்மாவுக்குக் கண் சரியில்லை, எழுத்து பெரிசாத் தெரியட்டும் என்று மாற்றினாய். "பாருங்கப்பா, எவ்ளோ பெரிசாத் தெரியுது" என்று என்னிடமும் காட்டினாய், நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் நல்லாயிருக்கு என்றேன். அதை நானும் மறந்தேன், நீயும் மறந்தாய். ஆனால் கம்ப்யூட்டர் படித்தது நீ. எங்கள் சிக்னல் வேலையில் ஒரு கியரைக் கழற்றுவதென்றால் முதலில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு மெமோ, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கை வைக்கலாம், மாட்டிய பிறகு இன்னொரு மெமோ. யார், எப்போது, எதைத் தொட்டான் என்று தாளில் இருக்கும். நீ தொட்டுவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டாய், இரண்டு தடவை அவள் "கீழே வெட்டுப்படுது" என்று கோளாறு சொன்னபோதும், நாம் ஏதாவது மாற்றினோமா என்று ஒரு நொடி உனக்குத் தோன்றவில்லை. இதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆபீசில் வெள்ளைக்காரன் ஒருத்தன் சொன்னால் இப்படித்தான் கேட்பாயா? அவனிடம் உனக்கு வராது என்பாயா?

இனி முக்கியமானது. ஜன்னல் சரியாகிவிட்டது, அம்மா சரியாகவில்லை. நேற்று கூப்பிட்டுக் காட்டினேன், பார்த்தாள். "நான் பார்த்தா வெட்டுப்படுது, நீங்க பார்த்தா சரியாயிடுது. அப்ப கோளாறு எங்கிட்டதானே" என்றாள். இல்லை, அகிலா செட்டிங்கை மாற்றிவிட்டாள், அதுதான் காரணம் என்றேன். "என்னைத் தேத்தறதுக்காகப் புள்ளையை மாட்டிவிடாதீங்க. அவ ஒண்ணைச் செஞ்சுட்டு மறக்கிறவ இல்லை. அவளே சொல்லிட்டா எனக்கு வராதுன்னு" என்றாள். நான் கத்தியதற்கு மன்னிப்புக்கூடக் கேட்டுப் பார்த்தேன், கல்யாணமாகி இருபத்துநான்கு வருஷத்தில் முதல் தடவை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "நீங்க வாங்கிட்டு வந்தது எல்லாம் முத்தல்" என்றாள். அத்தோடு முடிந்தது. நான் சொல்வது ஒன்றும் எடுபடாது. ரிசப்ஷனுக்கே மாற்றிவிடுங்கள் என்று மூன்று நாள் முன்பே பொர்திக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறாள். அதில் நாலு தப்பு இருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்று வாங்கி என் பையில் வைத்திருக்கிறேன். தினமும் கேட்கிறாள், ஆபீசில் வேலை அதிகம் என்கிறேன். இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை காலைக்குள் திருப்பித் தந்தாக வேண்டும். அதற்குமேல் பொய் சொல்ல எனக்கு வராது.

அதனால் நீ செய்ய வேண்டியது. இருபத்தாறாம் தேதி ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போன் செய். நான் வீட்டில் இருக்க மாட்டேன், லேக் மார்க்கெட்டில் மூக்கையா கடையில் காப்பிப்பொடி அரைக்க நிற்பேன், நான் பக்கத்தில் இருந்தால் நான் சொல்லித்தான் பேசுகிறாய் என்று நினைப்பாள். சாப்பிட்டியா, தூங்கினியா என்று ஆரம்பிக்காதே. திரையை மாற்றினது நான்தான், மறந்துட்டேன், நீ சரியாத்தான் சொன்னே, நான்தான் கேக்கலை என்று ஆரம்பி. பரவாயில்லை விடு என்பாள். விடாதே. லேப்டாப்பைத் திறக்கச் சொல். ரெஜிஸ்டரின் முதல் வரியை உனக்குப் படித்துக் காட்டச் சொல், அவள் ஒற்றை விரலால் தட்டி முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இரு, வேகமாகத் தட்டு என்று வாயைத் திறக்காதே. பொத்தானை அழுத்தச் சொல். மூடிவிட்டு மறுபடி திறக்கச் சொல். பட்டியலில் அந்தப் புத்தகம் இருக்கிறது என்று அவள் வாயால் சொன்ன பிறகு போனை வை. மீதி அறுநூற்று முப்பத்தொன்பதை அவளே பார்த்துக்கொள்வாள், கெடு ஒரு வாரம் தள்ளிப்போனால் பொர்தியிடம் நான் போய் நிற்கிறேன்.

எல்லா நலமும் பெற்று, யார் பேசினாலும் கடைசிவரை கேட்கிற பொறுமையோடு நீ நன்றாயிருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வண்டி ஓட்டு. இந்தக் கடிதம் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது, உளறிவிடாதே. ஞாயிறு, ஒன்பது மணி.

உன் அப்பா,
ஜம்புநாதன்