சன்னாசி மூடுற கதவு

அன்பு மகள் நவமணிக்கு அப்பா எழுதிக்கிறது. இங்க ஜெராம் கம்பத்துல நானும் அம்மாவும் மாரியாத்தா புண்ணியத்துல நடமாடிக்கிட்டு இருக்கோம், சிங்கப்பூர்ல நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருக்கணும். அம்மாவுக்கு முட்டி வலி. நம்ம ஆடு பக்கத்து வீட்டுக் கத்திரிச்செடிய மேஞ்சு அது ஒரு பஞ்சாயத்து, அத அப்புறம் சொல்றேன்.

சன்னாசி மாமா செத்தது உனக்குத் தெரியும். கடல் கரையில நான் பாக்குற தண்ணிக்கதவுக்கு அடுத்த கதவு அவனோடது, கடல் ஏறுறப்ப சக்கரத்தச் சுத்தி மூடலன்னா உப்புத்தண்ணி கம்பத்து வீடு, தோட்டத்துக்குள்ளல்லாம் வந்துடும். கவர்மெண்டு செலவக் குறைக்குதாம், அவன் இடத்துக்கு ஆள் கெடையாதுன்னுட்டாங்க. யூனியன் காளியண்ணன் வந்து, ஆள் போடுற வரைக்கும் ஒருத்தனும் அந்தக் கதவத் தொடக்கூடாது லா, தொட்டா நாளைக்கு உங்க வேலையும் போயிடும்னு சொல்லிட்டுப் போனான். யாரும் தொடல. ஆனா கடல் ஏறுறப்பல்லாம் கதவு மூடிக் கெடக்கு. ஆள் இல்லாமலே நடக்குதே, எதுக்கு ஆளுன்னு ஆபீஸ்ல சிரிக்கிறாங்களாம். காளியண்ணன் என்னப் பாத்து, செல்லண்ணே, நீதான் அந்தக் கருங்காலியான்னு கேட்டுட்டான்.

வாடா பாப்போம்னு பட்டப்பகல்ல கூட்டிட்டுப் போனேன். எங்க கண்ணு முன்னாடி சக்கரம் மெதுவாச் சுத்துச்சு, கதவு எறங்குச்சு, மேல ஒக்காந்திருந்த கொக்கு பறக்கக்கூட இல்ல. கிட்டப் போய்ப் பாத்தா சக்கரத்துல தேங்காயெண்ண. நாங்கல்லாம் ஆபீஸ் குடுக்கிற கறுப்பு கிரீஸ்தான், தேங்காயெண்ண போடுறவன் சன்னாசி ஒருத்தன்தான்.

அவனப் பொதைச்ச எடத்துல கள்ளும் சுருட்டும் வச்சுப் படைச்சோம். காளியண்ணன் கும்புட்டு, அண்ணே, செத்தாலும் நீ மெம்பரு, நீயே கருங்காலி வேல பாத்தா நாங்க எங்க போறதுன்னு அழுவாத கொறையாக் கேட்டான். எனக்கு மனசு தாங்கல. சன்னாசி, சும்மா இருக்க முடியலன்னா எம்பக்கம் வந்து ஒத்தாசையா இருடான்னு சொல்லிட்டேன்.

அதோட சன்னாசி கதவு தெறந்தே கெடக்கு. உப்புத்தண்ணி ஏறி கத்திரியெல்லாம் கருகிப்போச்சு, ஆட்டுப் பஞ்சாயத்தும் அதோட முடிஞ்சுது. கம்பத்துக்காரங்க ஆபீஸ்ல போய்ச் சத்தம் போட்டு, ஆள் எடுக்கிறோம்னு பேச்சு வந்திருக்கு. ஜெயிச்சிட்டோம்னு காளியண்ணன் குதிக்கிறான்.

அவனுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. ஒரு வாரமா நான் போறதுக்குள்ள என் கதவு மூடியிருக்கு. சக்கரத்தத் தொட்டா கை வழுக்குது, தேங்காயெண்ண. யாரு கண்ணுலயும் படுறதுக்குள்ள தொடச்சு கிரீஸ் தடவி வைக்கிறேன்.

இத மாப்பிள்ளைகிட்டகூடச் சொல்லாத, ஆபீஸ் காதுக்குப் போனா என் எடமும் வேணாம்னுடுவாங்க. மஞ்சக் குங்குமத்தோட நீ நல்லா இருக்கணும், தீபாவளிக்கு வர மறக்காத. கடல் ஏறுற நேரமாச்சு, இன்னைக்காவது சன்னாசிய நான் முந்திக்கணும்.

இப்படிக்கு உன் அப்பா,
செல்லன்