ஈறில் விழுந்த மடிப்பு

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

தையல் கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கும், தெரியும். ஆனாலும் இதை உட்கார்ந்து படி. நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கம்பி கட்டுவதற்காகக் கீழ்ப்பல் பிடுங்கிய இடைவெளி மூன்றே மாதத்தில் மூடிவிட்டது. ஆறு மாதமாவது ஆக வேண்டியது. அங்கே ஈறு உள்ளே மடிந்து பை மாதிரி தெரிகிறது. சாப்பாடு சிக்குகிறதா? இரத்தம் வருகிறதா? மறைக்காமல் எழுது.

உன் தங்கை

மார்ச் 11

என் பல் டாக்டருக்கு,

பல் தேய்த்தால் கொஞ்சம் இரத்தம் வருகிறது, அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்கள் என் பல் வரிசையைப் பார்த்துக் கண் வைக்கிறார்கள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் எழுத மாட்டாய்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

சாப்பாடு இறங்கவில்லை. போட்டோவை எனக்குச் சொல்லித்தரும் பெரிய டாக்டரிடம் காட்டினேன். பல்லை வேகமாக இழுத்தால் ஈறு இப்படித்தான் மடியும், இடைவெளி மறுபடி திறக்கவும் கூடும் என்றார். எவ்வளவு இழுக்கலாம் என்று நான் போட்ட கணக்கைப் பத்துத் தடவை பார்த்தும் தப்பு பிடிபடவில்லை. நான் கம்பி கட்டிய முதல் ஆள் நீ. சொந்த அக்கா வாயிலேயே கோட்டை விட்டவள் ஊரார் வாயில் கை வைக்கலாமா? அடுத்த மாதம் முதல் கம்பி கட்டும் வேலையே வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்.

தங்கை

மார்ச் 24

அடி பைத்தியமே,

எதையும் சொல்லித் தொலைக்காதே. கம்பியில் மாட்ட, பக்கத்துக்கு ஒரு ரப்பர் வளையம் என்றாய். நான் இரண்டு மாட்டினேன். நூலை இழுத்தால் துணி சேரும், பல்லும் அப்படித்தானே என்று நினைத்தேன். இழுத்த துணியில் மடிப்பு விழும் என்பது இருபது வருஷம் தைத்தவளுக்கு மறந்துவிட்டது. உன் பட்டமளிப்பு போட்டோவில் ஓட்டைப் பல்லோடு நிற்கக் கூடாதென்று ஆசை. நீ கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும்; திட்டுவாய் என்று வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் பெரிய டாக்டரிடம் காட்டு.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

காட்டினேன். "எத்தனை வளையம் போடுறாங்கன்னு ஒரு தடவையாவது கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. அக்காதானே, சொன்னபடி செய்வாள் என்று விட்டுவிட்டேன். பாதித் தப்பு என்னுடையது.

இன்றே எல்லா வளையத்தையும் கழற்று. வீக்கம் வடிந்ததும் அந்த மடிப்பை வெட்டி எடுக்க வேண்டும். பெரிய டாக்டர் கை பழகியவர். நான் வெட்டினால் அதுதான் என் முதல் வெட்டு. யாரிடம் உட்காருகிறாய் என்று எழுது.

தங்கை

ஏப்ரல் 20

டாக்டருக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். பெரிய டாக்டரைப் பக்கத்தில் நிற்கச் சொல். வெட்டுவது நீ.

அக்கா