ஈடித் இல்லாமல் நடந்த கூட்டம்

ஹாலிஃபாக்ஸ்
2 மே 1993

அன்பு மகள் ரோஸலிண்டுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வெலிங்டன் காற்றில் பறந்துவிடாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே விடாத மழை, அப்பாவின் முழங்கால் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, தோட்டத்துச் சேற்றில் இறங்க மட்டும் மறுப்பதில்லை. நீ போனில் கேட்டது உண்மைதான், வேலையை விட்டுவிட்டேன். ஆனால் நீ பாதிக் கதைதான் கேட்டிருப்பாய்.

பிக்கர்ஸ்கில் கம்பள ஆலையை விற்கும் பத்திர வேலை என் பொறுப்பில் இருந்தது. ஆலையை நடத்துகிறவர் நார்மன், மூன்றில் ஒரு பங்கு தங்கை ஈடித்துக்கு. விற்பதென்றால் அவளையும் அழைத்துக் கூட்டம் போட்டாக வேண்டும். கையெழுத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கோப்பைப் புரட்டினால், மார்ச் ஒன்பதாம் தேதி கூட்டம் நடந்து ஈடித் சம்மதித்ததாக ஒரு குறிப்பு. அன்று அவள் கண் அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள், போய்ப் பார்த்தவளே நான்தான். எங்கள் வக்கீல் அலுவலகத்தின் மூத்த பார்ட்னர் க்ரெஸ்வெல்லிடம் கொண்டுபோனேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒரு காகிதம்தானே ஹில்டா, கண்ண மூடிட்டு வாங்கறவங்களுக்கு அனுப்புங்க" என்றார். நார்மனும் அங்கே இருந்தார், "அவளக் கூப்பிட்டா நெசவாளிங்க வேலை என்னாகும்னு ஒரே ரகளை பண்ணுவா" என்றார். நான் கம்பெனிக்கு வக்கீல், அண்ணனுக்கு அல்ல, நடக்காத கூட்டத்தை நடந்ததாக அனுப்ப மாட்டேன் என்றேன். "டைப் அடிக்க வந்தவங்க நீங்க, அத மறந்துடாதீங்க" என்றார் க்ரெஸ்வெல். மறக்கவில்லை ரோஸி. டைப் அடித்துக்கொண்டே படித்துத்தான் வக்கீலானேன். அதே மெஷினில் ராஜினாமாவை அடித்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். அப்பா தேநீரைக் கையில் கொடுத்து, "அந்தாளுக்கு உழைச்சது போதும், இனி உன் பேருக்கு உழை" என்றார், அவ்வளவுதான்.

ஆறாம் நாள் நார்மனே வீட்டு வாசலில் வந்து நின்றார். "நீங்க மாட்டேன்னு சொன்னதிலேர்ந்து சோறு இறங்கல, கையெழுத்தத் தள்ளிப் போட்டுட்டேன். கூட்டம் போடறேன், நீங்களே எழுதுங்க" என்றார். பேக்கரிக்கு மேலே என் சொந்த அலுவலகத்துக்காக நான் பிடித்திருக்கும் ஒற்றை அறையில் அண்ணனும் தங்கையும் இரண்டு மணி நேரம் கத்தினார்கள், கீழே ரொட்டி வாங்க வந்தவர்கள் நின்று கேட்டார்களாம். கடைசியில் வாங்குகிறவர்களிடம் பேசி, நூற்று நாற்பது நெசவாளிகளையும் ஐந்து வருடத்துக்கு வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்று ஒரு ஷரத்துச் சேர்த்தோம். ஈடித் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தாள். "இப்பக் குடு பேனாவ" என்றாள்.

ஆகவே, ஓய்வெடுத்து அங்கே வந்து இருங்கள் என்று நீ சொன்னதற்கு என் பதில், கிறிஸ்துமஸுக்கு வருகிறோம், ஜனவரியில் திரும்பிவிடுவோம். எனக்கு ஐம்பத்தாறுதான் ஆகிறது. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையின் இருமலை டாக்டரிடம் காட்டு. கடவுள் உங்கள் இருவரையும் காப்பாராக. அடுத்த கடிதத்தைப் பழைய அலுவலகத்துக்கு அனுப்பிவிடாதே, பேக்கரிக்கு மேலே, முதல் மாடி. கதவில் ஒரே பெயர்தான்.

அன்புடன் அம்மா,
ஹில்டா அக்ராய்ட், வழக்கறிஞர்