கத்தரிப் பூவைக் கிள்ளியது அணில் இல்லை

என் பிரியமான மதினிக்கு,

முதலில் ஒரு பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் சொல்லலாம் என்று இரண்டு ஞாயிறு வரிசையில் நின்று, வெட்கப்பட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதனால் உங்களிடமே சொல்கிறேன். உங்கள் கத்தரிச் செடியில் பூவைக் கிள்ளிப் போட்டது அணில் இல்லை. நான்தான்.

ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட ஆபீசில் பெரிய கிளார்க். வாத்தியார்கள்கூட என்னைக் கண்டால் சட்டைப் பித்தானைச் சரிபார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட நான், விடிந்தும் விடியாமலும் நைட்டியோடு கொல்லைப்பக்கம் போய், இலைக்கு இலை தூக்கிப் பார்த்து, ஊதாப் பூவாகக் கிள்ளி நைட்டிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கியபடி திரும்பியிருக்கிறேன். ஒருநாள் நைட்டியை அப்படியே ஊறவைத்துவிட்டேன். வாளியில் ஏழு பூ மிதந்தது. அண்ணன் பல் விளக்க வருவதற்குள் அள்ளிச் சாக்கடையில் கொட்டினேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

அந்தப் பாத்தியை நீங்கள் கட்டியபோது நான் செய்த கேலி ஞாபகம் இருக்கிறதா? நம் கொல்லையில் மண் கல்லாய் இறுகிக் கிடக்கிறது, குனிந்தால் முழங்கால் வலிக்கிறது என்று, செங்கல்லை முட்டி உயரத்துக்கு அடுக்கி, நாலடிக்கு நாலடி பெட்டி மாதிரி கட்டினீர்கள். செம்மண்ணும் மக்கிய சாணியும் தேங்காய் நார்த்தூளும் போட்டு நிரப்பி, மேலே நைலான் கயிறு இழுத்துப் பதினாறு கட்டம் பிரித்தீர்கள். கட்டத்துக்கு ஓரடி.

"என்ன மதினி, பிளாட் போட்டுட்டீக? கார்னர் பிளாட்டு யாருக்கு?" என்றேன்.

"வாயாடுறவுகளுக்கு மொளகா பிளாட்டு ஒதுக்கியிருக்கேன், தாயி. கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்க" என்றீர்கள்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதித்தவர் நீங்கள். பாத்தியையும் வகுப்பாகத்தான் நடத்தினீர்கள். ஒரு கட்டத்தில் முள்ளங்கி என்றால் பதினாறு, சின்ன வெங்காயம் ஒன்பது, கீரைத்தண்டு நாலு. கத்தரிக்கு மட்டும் முழுக்கட்டம், தனி ஆள். "அதுக்குக் கை கால் நீட்டணும்" என்பீர்கள். அந்தக் கத்தரியும் லேசுப்பட்டதா? கண்டரமாணிக்கத்தில் உங்கள் அம்மா வீட்டு வரிக்கத்தரி. வருஷா வருஷம் ஒரு காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைப்பீர்கள்.

நீங்கள் கண்ணை மூடியபிறகு பாட்டிலைத் திறந்தால் ஆறே ஆறு விதை. ஐந்து முளைக்கவில்லை. ஒன்று முளைத்தது. அன்றைக்கு அண்ணன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"செசிலி, அருளு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். இந்தச் செடியில ஒரு காயி பழுக்கட்டும். உன் மதினி வெதையை எடுத்துக்கிட்டு அவன் வீட்டோட போயிடுறேன்."

அருள் நல்ல பிள்ளைதான், நீங்கள் வளர்த்தது. மருமகளும் தங்கம். அப்பாவைக் கூப்பிடுவதில் என்ன தப்பு? என்னையும்தான் கூப்பிட்டார்கள். "நீங்களும் வாங்கத்தை" என்றான். கூப்பிட்ட குரலிலேயே எனக்கு எந்த அறை என்று அவன் யோசிப்பது தெரிந்தது. எனக்கு ஆபீஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உண்மைதானே? ஆபீஸ் சாயங்காலம் நாலரைக்கு முடிந்துவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

காய் பழுத்தால் அண்ணன் போய்விடுவார். காய் பழுக்காவிட்டால்? கணக்கு வாத்தியாரின் நாத்தனாருக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? பூவிலேயே கை வைத்தேன்.

பாவம் மனுஷன். தினமும் காலையில் செடியைப் பார்த்துவிட்டு வந்து, "பூ கொட்டிப் போச்சே" என்று உட்கார்வார். "அணிலா இருக்கும்ணே" என்பேன், தோசையைத் திருப்பிப் போட்டபடி. யாரோ சொன்னார்கள் என்று புளித்த மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளித்தார். கொல்லை முழுக்க ரச வாசனை. எதிர்வீட்டு விசாலம் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"அணிலு எப்பருந்துடி கத்தரிப்பூத் திங்க ஆரம்பிச்சுச்சு?"

"இது காரைக்குடி அணிலு. நாக்கு நீளம்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குப் பொய் மோப்பம் பிடிக்கும், பெருங்காய வாசத்தையும் தாண்டி.

பிறகு அண்ணன் நாலு கம்பு நட்டு, பாத்திக்குப் பழைய கொசுவலையைக் கட்டினார். நானும் விடவில்லை, தலையை உள்ளே விட்டேன். என் கிளிப்பு வலையில் மாட்டிக்கொண்டது. அவசரத்தில் தலையை மட்டும் மீட்டுக்கொண்டு ஓடிவந்தேன். ஆபீஸுக்குப் புறப்படும்போது பார்த்தால், கிளிப்பு கண்ணாடிக்கு முன்னால் இருந்தது. துடைத்து வைத்திருந்தது. அதையே தலையில் குத்திக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். அண்ணன் மறுநாளும் மோர் தெளித்தார்.

அப்புறம் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். அண்ணன்தான் கஞ்சி வைத்தார், கட்டியும் முட்டியுமாக. ஏழாம் நாள் கொல்லையிலிருந்து ஒரே சத்தம்.

"ஏ செசிலி! இங்குட்டு வா! ஓடியா! உன் மதினி காய்ச்சிருக்கா!"

சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். இலைக்கு அடியில் கட்டைவிரல் பருமனுக்கு, வெள்ளை வரியோடு தொங்கிக்கொண்டிருந்தீர்கள். அறுபத்தாறு வயது மனுஷன் பாத்தியின் செங்கல் கட்டையில் உட்கார்ந்து அழுதார். இரண்டு விரலால் திருகினால் போதும், வேலை முடிந்தது. என் விரலுக்குத் துணிச்சல் வரவில்லை, மதினி. அதற்குப் பிறகு நான் பூவையும் தொடவில்லை.

காய் பெருத்து, மஞ்சளாகி, தோல் சுருங்கியது. அண்ணன் அறுத்து, தண்ணீரில் அலசி, நீங்கள் செய்வதுபோலவே சாம்பலில் புரட்டினார். இரண்டு பெட்டி, ஒரு பை, உங்கள் போட்டோ. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தியப் பாத்துக்க. அந்த அணிலும் ஒண்டியாக் கெடக்கும். அதுக்கும் வேளாவேளைக்கு ஏதாச்சும் வைய்யி."

அவருக்கு எப்போதிலிருந்து தெரியும், மதினி? தெரிந்தும் எதற்கு மோரைப் புளிக்கவைத்துக்கொண்டிருந்தார்? போகவேண்டும் என்று சொன்னவருக்கு, போக மனசு இருந்ததா இல்லையா? நானும் கேட்கவில்லையே. இந்த வீட்டில் எல்லாரும் வாய் நிறையப் பேசுவோம், கேட்கவேண்டியதை மட்டும் கேட்கமாட்டோம்.

இப்போது வீட்டில் நான் மட்டும். அரை ஆழாக்கு அரிசிக்குக் குக்கர் விசில் அடிக்கக்கூட யோசிக்கிறது. போன வாரம் உங்கள் கணக்குப்படி விதைத்த முள்ளங்கி பதினாறும் ஒரே நேரத்தில் தயாராகிவிட்டது. ஒரு பொம்பளை பதினாறு முள்ளங்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? சாம்பார், பொரியல், மறுபடி சாம்பார். ஆபீசில் கொடுத்தேன். விசாலத்துக்குக் கொடுத்தேன். "ஒரேயடியா ஏண்டி போடுற, ஒத்த ஆளுக்கு?" என்று கேட்டுவிட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நான்தான் உள்ளே வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

ஒரு கட்டத்தில் வாரத்துக்கு நாலு விதை போதும் என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறேன். கணக்கு வாத்தியாரான நீங்கள் இதை எனக்குச் சொல்லித்தரவே இல்லை. நீங்கள் இருந்தபோது தேவைப்படவும் இல்லை.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் பாத்திக் கட்டையில் உட்கார்ந்து உங்களிடம் ஊர் வம்பு பேசுகிறேன். புது ஹெட்மாஸ்டர் தலைக்குச் சாயம் பூசியது, விசாலத்தின் சம்பந்தி சண்டை, எல்லாம். எதிர்ப்பேச்சு இல்லாமல் வம்பு சுவைக்கவில்லை. "போடி, உனக்கு வேற வேலை இல்ல" என்று சொல்ல ஆள் வேண்டாமா?

அண்ணன் போன் செய்வார். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "ஆச்சு." அவ்வளவுதான். நேற்று மட்டும் ஒரு வாக்கியம் கூடச் சொன்னார். "உன் மதினி இங்கிட்டு ரெண்டு இலை விட்டிருக்கா." அவர் போனை வைத்தபிறகும் நான் காதில் வைத்துக்கொண்டே நின்றேன்.

கல்லறைத் திருநாளுக்கு அவர் வருவார் என்று நினைத்து இரண்டு பேருக்குச் சமைத்தேன். மருமகளுக்கு உடம்பு சரியில்லையாம். நான் மட்டும் வந்து மெழுகுவத்தி ஏற்றியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இங்கே உங்கள் செடியில் இன்றைக்குக் காலையில் எண்ணினேன், பதினொரு பூ. ஒன்றைக்கூடத் தொடமாட்டேன், சத்தியம். காய்த்ததும் முதல் பறிப்பை மஞ்சள் பையில் போட்டு, நானே கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுப்பேன். ஆபீஸ், முழங்கால், வெயில் என்று சாக்குச் சொல்லமாட்டேன். இத்தனை மாதத்தில் அவரும் வரவில்லை, நானும் போகவில்லை.

சிரிக்காதீர்கள், மதினி. உங்கள் மகன் வீடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கல்லல். டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிஷம்.

உங்கள் வாயாடி நாத்தனார்,
செசிலி