அவன் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை

பிப்ரவரி 11

ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் திருத்தி முடித்தேன். பாதிப் பேருக்கு விடை சரி, வழி தப்பு.

மதியம் அம்மா பள்ளிக்கூடத்துக்கே போன் செய்தாள். பேசி முடித்த கல்யாணம் இல்லை என்று ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாராம்: "பையன் இருக்கிற ஐடி கம்பெனியில எல்லாரும் ஜோடியா சம்பாதிக்கிறாங்க. டீச்சர் சம்பளத்த வச்சுக்கிட்டு இவன் ஒருத்தனே இழுக்கணும்னா கஷ்டம் பாருங்க."

அதுகூடப் போகட்டும். சாயங்காலம் அவனே பேசினான். "தப்பா எடுத்துக்காத. என் வேலையப் பத்தி உங்கிட்ட பேசினா உனக்குப் புரியவே புரியாது. வாழ்நாள் பூரா என்னத்தப் பேசுறது?"

புரியாதாம். எனக்கு! ஒரு வகுப்பு வாண்டுகளுக்கு இயற்கணிதம் புரியவைக்கிறவளுக்கு!

இனி இந்த டைரியில் அவனுக்குப் பெயர் கிடையாது. பெரிய துரை! அந்தப் பட்டமே போதும்.

பிப்ரவரி 12

அழவில்லை. பற்றிக்கொண்டு எரிகிறது.

மார்ச் 2

அண்ணனும் அதே துறைதான், வேறு கம்பெனி. எந்தப் பக்கம் போனால் நல்ல சம்பளம் என்று கேட்டேன். தட்டில் கை காயும் வரை பேசினான். "டேட்டா பக்கம் நல்லா குடுக்கிறாங்க. கிளவுட்னா இன்னும் மேல. செக்யூரிட்டியும் இருக்கு."

"ஒருத்தன் எழுதினத தப்புன்னு சொல்லித் திருப்பி அனுப்புற வேலை எது?"

சிரித்துவிட்டான். "அது டெஸ்டிங். ஆப் வெளிய போறதுக்கு முன்னாடி போட்டுப் பாத்துக் குத்தம் கண்டுபிடிக்கணும். ஆரம்பத்துல சம்பளம் சுமார்தான். சோதிக்கிறதையே புரோகிராமா எழுதக் கத்துக்கிட்டா, ஆட்டோமேஷன்னு சொல்வாங்க, நல்லா ஏறும்."

அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "குத்தம் கண்டுபிடிக்கவா சம்பளம் தர்றாங்க? தெரிஞ்சிருந்தா அத்தை இந்நேரம் கோடீஸ்வரி ஆயிருப்பாங்களே!"

அம்மா முறைத்தாள். நான் முடிவு செய்துவிட்டேன். டெஸ்டிங். அதுவும் துரையின் கம்பெனியில்.

ஜூன் 19

பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வாரம். பயிற்சி வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் நேற்றுக் கல்லூரி முடித்த முகங்கள். இன்று ஆட்டோமேஷன் பாடம் தலைக்கு மேலே போயிற்று. கழிவறையில் போய் நின்றேன். கிறுக்குத்தனமா பண்ணிட்டேனா? கையில இருந்த வேலையையும் விட்டுட்டு... பிறகு அவன் குரலை நினைத்துக்கொண்டேன், "புரியவே புரியாது". முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

அக்டோபர் 6

கிடைத்துவிட்டது! அவன் கம்பெனிதான். பஸ் டிக்கெட் பதிவு செய்கிற ஆப். பயணி சீட்டைத் தேர்ந்தெடுக்கும் பகுதி முழுக்க துரை எழுதியதாம். அம்மா "அங்கேயேவா?" என்றாள். அங்கேயேதான்.

அக்டோபர் 20

காபி மெஷின் பக்கத்தில் பார்த்தான். கப் நிரம்பி வழிந்து கையைச் சுட்டது. "நீ... நீங்க இங்க?" நான் சிரித்தேன். பல் மட்டும்.

அக்டோபர் 29

முதல் குற்றம். ஒரு சீட்டை வேகமாக இரண்டு முறை தட்டினால் பக்கத்து சீட்டும் சேர்ந்து பதிவாகிறது. திருப்பி அனுப்பினேன். அவனே என் இடத்துக்கு வந்தான். "என் மெஷின்ல சரியா ஓடுதே."

"அப்ப உங்க மெஷினையே ஒவ்வொரு பயணி வீட்டுக்கும் அனுப்பிடலாமா?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. ராத்திரி சோறு ருசியாக இருந்தது.

டிசம்பர் 3

காலையில் வந்ததும் வேலைப் பட்டியலில் துரை எழுதியது எது என்று பார்த்து முதலில் எடுக்கிறேன். நெட் விட்டுவிட்டு வந்தால்? பாதியில் போன் அணைந்தால்? கிழவி ஒருத்தி நிதானமாகத் தட்டினால்? மடக்கிவிட்டேன், மடக்கிவிட்டேன். இன்று அவன் வீட்டுக்குப் போகவில்லை, உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. நன்றாக வேண்டும். கல்யாணம் நின்றபோது நான் எப்படி இருந்தேன் என்று அவனுக்குத் தெரியுமா?

ஜனவரி 22

எங்கள் டெஸ்டிங் குழுவின் தலைவியை எல்லாரும் அக்கா என்போம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவர் எழுதினத மட்டும் சல்லடை போட்டுச் சலிக்கிற. மத்ததெல்லாம் மேலோட்டமா பாக்குற மாதிரி இருக்கே?"

"அதெல்லாம் பாத்துட்டேன்க்கா."

பார்க்கத்தான் செய்தேன். டிக்கெட் ரத்து செய்யும் பகுதி, எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் ஒரு பையன் எழுதியது. ஒரு டிக்கெட் போட்டு, ரத்து செய்து பார்த்தேன். ரத்தானது. சரி என்று எழுதிவிட்டு துரை எழுதியதற்கே திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 25

நாளை ஆப் வெளியே போகிறது. சீட் பகுதியில் தப்பே கிடைக்கவில்லை. நாள் முழுக்கத் தேடினேன். எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரி 27

ஐயோ.

குடும்பமாகப் போட்ட டிக்கெட்டில் ஒருவரை மட்டும் ரத்து செய்தால் எல்லாருடைய சீட்டும் ரத்தாகிறது. நான் ஒற்றை டிக்கெட் மட்டும்தான் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட இரண்டாக வைத்து ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கும்! வயசான அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு குடும்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றதாம். அவர்கள் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்து போய்விட்டார்கள். அந்த மனிதர் போனில் அக்காவைத் திட்டினார். என்னைத் திட்டியிருக்க வேண்டும்.

மார்ச் 3

கூட்டம். சிரித்த முகத்துப் பையன் இன்று சிரிக்கவில்லை. ரத்துப் பகுதியைச் சோதித்தது நான்தான், சரியாகப் பார்க்கவில்லை என்று எழுந்து சொன்னேன். மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, ஒரு புகார்கூட வராத ஒரே பகுதி சீட் பகுதி என்றார். துரைக்குப் பதவி உயர்வு. எல்லாரும் கை தட்டினார்கள்.

துரை எழுந்து, என் பக்கம் கை காட்டிச் சொன்னான்: "இதுக்கு அவங்கதான் காரணம். என் வேலைய இவ்வளவு புரிஞ்சுக்கிட்டவங்க இதுவரைக்கும் யாருமில்ல."

கேலியில்லை. மனசாரச் சொன்னான். இந்த வார்த்தைக்காகத்தானே வேலையை விட்டேன், படித்தேன், இங்கே வந்து உட்கார்ந்தேன்? பழி வாங்குறேன்னு அவனுக்கு மெருகு போட்டுக் குடுத்திருக்கேன். சம்பளம் வாங்கிக்கிட்டு!

மார்ச் 4

பள்ளிக்கூடத்துக்கே திரும்பிவிடலாமா? இந்த வேலையை நான் தேர்ந்தெடுத்தேனா, அவன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தானா?

மார்ச் 5

ராஜினாமா என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போறதுன்னா போ. ஆனா அவர் எழுதினதுல நீ கண்டுபிடிச்சதெல்லாம் கோவத்துல கண்டுபிடிச்சதுன்னு நெனைக்கிறியா? கோவம் எனக்கும்தான் வருது, எனக்கு அதெல்லாம் கண்ணுல படலயே."

அப்படியென்றால் கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? தெரியவில்லை. ரத்துப் பகுதிக்கான சோதனையை முழுக்க ஆட்டோமேஷனில் எழுத என்னிடமே கொடுங்கள் என்று கேட்டேன். அவன் இன்று நீலச் சட்டை. ஏன்தான் கவனித்தேனோ.

மே 17

ரத்துப் பகுதிச் சோதனை எழுதி முடிந்தது. கைக்குழந்தையோடு வருகிற குடும்பத்தின் டிக்கெட் வரை போட்டுப் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 8

வேறொரு கம்பெனியில் ஆட்டோமேஷன் குழுவுக்கே தலைமை, இப்போது வாங்குவதைப் போல இரண்டு மடங்கு சம்பளம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிகளில் டோக்கன் கொடுக்கிற மென்பொருள் அது. முன்னோட்டத்தைப் பார்த்ததிலிருந்து மண்டைக்குள் ஒரே கேள்வி: வரிசையில் நிற்கிற நோயாளி நடுவில் எழுந்து போய்விட்டால் பின்னால் இருப்பவரின் எண் என்ன ஆகும்?

அதை ஒரு தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அந்த வீட்டுல இருந்து இன்னிக்கு மறுபடி பேசினாங்க. பழச மறந்துட்டு பேசலாமான்னு கேக்குறாங்க."

"எந்த வீடு?" என்று கேட்டேன்.

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அம்மா எழுந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.